பொன்வடிவு வீட்டிலிருந்து வராத காரணம்

நாலாம்பாத்தியில் முதல் காரணம் என் பின்னால் நடந்து வந்தது பங்குனி மாதத்து ஒரு புதன்கிழமை. புதன் எங்களுக்குத் தடுப்பூசி நாள். செல்லத்துரை அண்ணாச்சி தன் பேரனுக்கு ஊசி வேண்டாமென்று சொல்லிக் கதவைச் சாத்திவிட, நான் நீல ஐஸ் பெட்டியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு உப்புப் பாத்திகளின் வரப்பில் இறங்கிப் பத்தடி போயிருப்பேன், பின்னால் செருப்பில்லாத கால்களின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் நாலு முழ வேட்டி கட்டிய குள்ளமான மனிதர் ஒருவர், கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளியோடு வந்துகொண்டிருந்தார்.

“யாரு நீங்க?” என்றேன்.

“செல்லத்துரை உங்கட்ட சொன்ன காரணம்” என்றார்.

அண்ணாச்சி சொன்ன காரணம் இதுதான்: அவருடைய அப்பாவை ஒரு காலத்தில் சர்க்கார் ஆட்கள் வண்டியில் ஏற்றிப் போய், என்ன ஏது என்று சொல்லாமல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்து, கையில் ஒரு வாளியைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்களாம், அதிலிருந்து அந்த வீட்டில் யாரும் சர்க்கார் ஊசிக்கு உடம்பைக் கொடுப்பதில்லை. வந்தவரின் கையில் இருந்தது அந்த வாளிதான். வெயிலில் நின்று விவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை. வாங்க என்று சொல்லிவிட்டு நடந்தேன், அவரும் வந்தார், துணை சுகாதார நிலையத்தின் வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார்.

என் பெயர் பியூலா. பதினோரு வருஷமாக நாலாம்பாத்திக்கும் சுற்றியுள்ள மூன்று உப்பளக் குடியிருப்புகளுக்கும் நான்தான் நர்சம்மா. முன்னறையில் எடை பார்க்கும் தராசும் மேஜையும், பின்னறையில் என் கட்டிலும் அடுப்பும். மஸ்கட்டுக்குப் போன என் வீட்டுக்காரர் ஆறு வருஷத்துக்கு முன் பேசுவதை நிறுத்திக்கொண்டார், சண்டை போட்டெல்லாம் இல்லை, சும்மா ஒரு நாள் போன் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, அவ்வளவுதான். ஊரில் எல்லாருக்கும் என்னைத் தெரியும், ஆனால் தெருவில் என் பெட்டியைக் கண்டதும் பிள்ளைகள் அழும், தாய்மார்கள் உள்ளே போய்விடுவார்கள், ஆகையால் ஒரு வீட்டிலும் நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வாளிக்காரர் வந்த அன்று எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேருக்கு உலை வைத்தேன். அவர் சாப்பிட்டார், கையலம்பினார், மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்து, “அப்பாவைக் கேக்காம கூட்டிட்டுப் போயிட்டாவ” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே சொன்னார். காரணங்களிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்த புதனில் மூன்று பேர் வந்தார்கள், அதற்கடுத்த புதனில் ஐந்து பேர். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் உப்பு வாரப் போக முடியாது என்ற காரணம், உப்பில் பாதம் முழுக்க வெடித்த ஒரு பெண்ணாக வந்து என் கட்டிலின் கால்மாட்டில் சுருண்டுகொண்டது. மாமியார் திட்டுவாள் என்ற காரணம் வாயைத் திறக்காமல் பாத்திரம் தேய்த்துக் கொடுத்தது. பிறகு சித்திரை பிறந்ததும் துறைமுகத்துப் பக்கமிருந்து உப்பு லாரிகளில் தொற்றிக்கொண்டும், கடலோரமாக நடந்தும், வேறு நாட்டுக் காரணங்கள் வர ஆரம்பித்தன. ஏன் இங்கே வந்தார்கள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, கப்பல் வந்துபோகும் இடத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வருகிறவர்களைத் துருவும் பழக்கமில்லை. என்ன மொழியில் பேசினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்கள் சொன்னார்கள், எங்களுக்குப் புரிந்தது.

பெரிய டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“எத்தன பேரு இருக்காங்க?”

“இன்னைக்கோட பதினேழு சார்.”

“படிவத்துல அதுக்குத் தனியா கட்டம் இல்லையேம்மா. ‘பிற’ன்னு போட்டு அனுப்பிருங்க” என்று வைத்துவிட்டார். பதினேழு பேரையும் ‘பிற’ என்று எழுதி அனுப்பினேன். அவர்கள் ஒன்றும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இரண்டு அறையில் பதினேழு பேர் எப்படி இருப்பது? ஊர்தான் பிரித்து எடுத்துக்கொண்டது. பனி விழும் நாட்டிலிருந்து கம்பளிக் கோட்டோடு வந்த ஆறடி உயரக் காரணத்தை டீக்கடைத் தவசிக்கனி கூட்டிக்கொண்டு போனார். கோட்டைக் கழற்றச் சொன்னால் அது கேட்கவில்லை, வேர்த்து ஒழுகிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்து, “என் உடம்பில் எதைச் செலுத்துவது என்று உத்தரவு போட நீங்கள் யார்?” என்று எல்லாரையும் கேட்டது. பதநீர் குடிக்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். தவசிக்கனி சிரிக்கவில்லை.

“கேட்டது தப்பா? அளத்துக்காரன் வந்து, ஏல இத தூக்கு, அத எறக்குன்னு அதிகாரமாச் சொன்னா நமக்கே சுள்ளுன்னு வருது. அந்த ஊர்ல இவுகளுக்கு எவன் எப்படிச் சொன்னானோ!” என்று இன்னொரு குவளை ஊற்றிக் கொடுத்தார், அது உத்தரவு இல்லாததால் வாங்கிக் குடித்தது.

வறண்ட மலைநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் யாரைக் கண்டாலும் முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் பார்ப்பாள். டாக்டர் வேஷத்தில் வந்த ஒருவன் அவள் வீட்டு ஆட்களை எண்ணிக்கொண்டு போனான், பின்னால் வந்தது மருந்தல்ல, துப்பாக்கி. அவளை உப்பு வாரும் பெண்கள் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள், வெள்ளை வெளேரென்று காய்ப்புப் பிடித்த அவர்கள் கைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபின் அவர்கள் நடுவில் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். நோயே நாற்பது வருஷமாக எட்டிப்பார்க்காத பணக்கார நாட்டுக் காரணம் ஒன்று கொழுகொழுவென்று எந்நேரமும் சிரித்துக்கொண்டிருந்தது, எதை வேண்டாமென்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது, பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி விளையாடினார்கள். பெரிய நகரமொன்றிலிருந்து வந்தவள் கையில் போன் இருந்தது, கண் இமைக்காமல் அதைப் படித்துக்கொண்டே இருப்பாள், ஒவ்வொரு வரிக்கும் பயப்படுவாள், அடுத்த வரி பயத்தைப் போக்குமென்று அதையும் படிப்பாள். அவள் பக்கத்தில் போய் நான் இரண்டு தடவை உட்கார்ந்தேன். எனக்குப் புதன்கிழமை வேலைகள் இருந்தன, எழுந்து போய்விட்டேன்.

என்னைக் குத்திய காரணம் ஒன்று இருந்தது. காட்டாற்றங்கரை நாடு ஒன்றிலிருந்து ஈரப் பாவாடையோடு வந்தவள். இரண்டு நாள் படகில் வந்து ஆஸ்பத்திரியில் பிள்ளையை இறக்கினாளாம், ஒரு பிள்ளைக்காகப் பத்துப் பிள்ளைக்கான குப்பியை உடைக்க முடியாது, அடுத்த வாரம் வா என்றார்களாம். “அடுத்த வாரம் நான் போகவில்லை” என்பதுதான் அவளுடைய வாக்கியம். உடைத்த குப்பி நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்காது, மிச்சமானதைக் கொட்ட மனம் வராது, அதனால் நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன், நாலைந்து பிள்ளை சேரட்டுமே என்று. அப்படி ஒரு விதி எழுத்தில் எங்குமில்லை. சொல்லிச் சொல்லி நாங்களே விதியாக்கியிருந்தோம்.

வைகாசியில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. உப்பு அம்பாரங்களின் நிழலில் உட்கார்ந்து பெண்கள் காரணங்களைப் பேசவிட்டுக் கேட்டார்கள், அதே வாக்கியத்தைப் பத்துத் தடவை சொன்னாலும் பதினொன்றாவது தடவை “அப்புறம்?” என்றார்கள், யாராவது “அப்புறம்?” என்று கேட்டுவிட்டால் காரணத்துக்கு இரண்டாவது வாக்கியம் ஒன்று வந்தது, பிறகு மூன்றாவது. அதன்பின் சில காரணங்கள் லாரி ஏறித் திரும்பிப் போயின. சில போகவில்லை. செல்லத்துரை அண்ணாச்சி ஒரு நாள் என் வாசலில் வந்து நின்று, உள்ளே இருந்த வாளியையே வெகுநேரம் பார்த்தார்.

“எங்க அப்பா சாவுற வரைக்கும் அந்த வாளியில தண்ணி மோந்ததில்ல நர்சம்மா. எறவாரத்துல தொங்கிட்டே கெடந்துச்சு. ஏன்னும் நாங்க கேட்டதில்ல.”

வாளிக்காரரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். இரண்டு வாரம் அங்கே என்ன பேசினார்களோ தெரியாது. மூன்றாவது புதனில் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார், வாளிக்காரரும் கூடவே வந்தார், நான் ஊசி போடும்போது பிள்ளையின் ஒரு காலை அண்ணாச்சியும் இன்னொரு காலை வாளிக்காரரும் பிடித்துக்கொண்டார்கள். “என்ன மருந்து, எதுக்கு, சொல்லிட்டுப் போடுங்க” என்றார் வாளிக்காரர். சொல்லிவிட்டுப் போட்டேன்.

இப்படி ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தபோதும் என் வீடு காலியாகிக்கொண்டு வந்தது. சந்தோஷப்பட வேண்டியவள்தான், படவும் செய்தேன். ஆனால் அடுப்பில் மறுபடியும் ஒருத்திக்கு உலை வைத்தபோது அழுகை வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு வீட்டிலிருந்து மட்டும் காரணமே வரவில்லை. கடைசித் தெருவில் உப்பு வாரும் பொன்வடிவு. அவள் புருஷன் லாரியில் உப்பு ஏற்றிக்கொண்டு ஆந்திராவுக்குப் போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் வருவான். ஐந்து வயதில் ஒரு மகள், மகா. ஒன்பது மாதம் முடிந்த ஒரு மகன், இசக்கிராஜா. ஒவ்வொரு புதனும் நான் வாசலில் நிற்பேன், பொன்வடிவு கதவைப் பாதி திறப்பாள், என்னைப் பார்ப்பாள், ஒரு வார்த்தை பேசாமல் சாத்திவிடுவாள். நான் தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்ப்பேன். வரப்பில் யாரும் வரமாட்டார்கள். காரணமே சொல்லாதவளை என்ன செய்வது?

ஆனி முதல் வாரம் பக்கத்துக் குடியிருப்பில் இரண்டு பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை கண்டது. ஒரு கைக்குழந்தைக்கு நெஞ்சுச்சளி கட்டி, மூச்சு வாங்கி, பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கும் ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அந்தப் பிள்ளையின் தாயும் பொன்வடிவும் ஒரே அளத்தில் உப்பு வாருகிறவர்கள். இனிப் புதன்கிழமைக்குக் காத்திருக்க முடியாது என்று வியாழன் மத்தியானம் பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு கடைசித் தெருவுக்குப் போனேன்.

கதவைப் பாதி திறந்தாள்.

“பொன்வடிவு, நான் ஊசி கொண்டு வரல. எல்லார் வீட்டுலருந்தும் ஒரு காரணம் வந்துச்சு. உன் வீட்டுலருந்து மட்டும் வரல. அதக் கேக்கத்தான் வந்தேன்.”

அவள் யோசித்தாள். பிறகு முதல் தடவையாகக் கதவை முழுக்கத் திறந்தாள்.

“அது வெளிய போகாது. உள்ள வந்து பாத்துக்கிடுங்க” என்றாள்.

ஒற்றை அறை. ஒரு மூலையில் தொட்டிலில் பிள்ளை தூங்கியது. எதிர் மூலையில் யூனிபார்ம் சேலை கட்டிய ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், தோளில் நீலப் பெட்டி. நான் உள்ளே வந்த சத்தத்தில் திரும்பினாள். அவளுக்கு என் முகம் இருந்தது. நாலு வருஷம் இளைய முகம், தலையில் நரை குறைவு, மற்றபடி நான்தான்.

“ஒண்ணும் ஆகாது. இன்னைக்குச் சாயங்காலம் லேசா காய்ச்சல் வரும், அரை மாத்திரை கொடுங்க” என்றாள், என் குரலில், நான் சொல்லும் அதே வேகத்தில். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள்.

தரையில் உட்கார்ந்தேன்.

“மகாவுக்கு ஒம்பதாம் மாசம் ஊசி போட வந்தப்ப சொன்னிய. அன்னைக்குச் சாயங்காலம் காய்ச்சல் வரல. மறுநாளும் வரல. எல்லாம் சரின்னு இருந்தேன். எட்டாம் நாளு வந்துச்சு. ஒடம்பு அனலா கொதிச்சு, வலிப்பு வந்து இழுத்துட்டு. இவுக அப்பா லாரியில. ஒங்களுக்குத்தான் போன் அடிச்சேன், பத்தொம்பது தடவ.”

“நான் எடுக்கல” என்றேன்.

“ஆமா. எடுக்கல.”

எனக்கு ஞாபகம் வந்தது. அக்கா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன், தெரியாத நம்பர் விடாமல் அடித்தது, பந்தியில் உட்கார்ந்துகொண்டு சத்தத்தை நிறுத்தி வைத்தேன். அதைவிடப் பெரிய தப்பு அதற்கு எட்டு நாள் முன்பே நடந்திருந்தது. மற்ற ஊசிகளுக்குத்தான் அன்று சாயங்காலமே காய்ச்சல் வரும். மகாவுக்குப் போட்ட மணல்வாரி ஊசிக்கு வந்தால் ஒரு வாரம் கழித்துத்தான் வரும், எனக்குத் தெரியும், பாடம் படித்தவள். ஆனால் ஆயிரம் வீட்டில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம், எந்த ஊசி என்று பாராமல் வாய் தானாகச் சொல்லிவிட்டது. என் வாக்கியமும் ஒன்றே ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

“மகா நல்லாத்தான் இருக்கா” என்றாள் பொன்வடிவு. “வலிப்பு அன்னைக்கு ஒரு தடவதான். ஆசுபத்திரியில, இது சில பிள்ளைகளுக்கு வரும், ஒண்ணும் பயமில்லன்னு சொல்லி அனுப்பிட்டாவ. ஊசி மேல எனக்கு என்ன கோவம்? நீங்க அடுத்த மாசம் இந்தத் தெருவுக்கு வந்திய. எங்க வாசலத் தாண்டித்தான் போனிய. இவ மட்டும் உள்ள வந்து உக்காந்துக்கிட்டா.”

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘தப்பு என்னோடதுதான் பொன்வடிவு’ என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு எந்த வாக்கியத்தையும் மனப்பாடமாகச் சொல்லிவிடக் கூடாதென்று தட்டுத் தடுமாறி ஒவ்வொன்றாகச் சொன்னேன். பக்கத்துக் குடியிருப்பில் என்ன நடக்கிறது, அந்த நோய் இங்கே வந்தால் இசக்கிராஜாவை என்ன செய்யும், ஊசி போட்டால் ஏழாம் நாளிலிருந்து காய்ச்சல் வரலாம், வராமலும் போகலாம், மகாவுக்கு வந்ததுபோல வலிப்பு வருவது அபூர்வம், ஆனால் வரவே வராதென்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

“வந்தா?”

“நான் இங்க இருப்பேன். ஏழாம் நாளு வந்து பத்தாம் நாளு வரைக்கும், ராவும் பகலும் இங்கதான்.”

அவள் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. மூலையில் இருந்தவளைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள், அளத்துக்குப் போகும் வழியில் பெரியாஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளையின் வீடு பூட்டிக்கிடப்பதை நினைத்திருப்பாளோ என்னவோ.

“நாளைக்கு வாங்க, பாப்போம்” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை போனேன். இசக்கிராஜா ஒருவனுக்காக ஒரு முழுக் குப்பியை உடைத்தேன், மிச்சம் வீணானதென்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய டாக்டர் கேட்டால் ‘பிற’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏழாம் நாள் பாயையும் தெர்மாமீட்டரையும் மாற்றுச் சேலையையும் எடுத்துக்கொண்டு மற்ற வேலைகளுக்கு விடுப்பு எழுதிவிட்டுக் கடைசித் தெருவுக்கு வந்தேன். வாசலில் நின்ற மகா, “அம்மா, இன்னொரு நர்சம்மா” என்று உள்ளே குரல் கொடுத்தாள். அன்றைக்கு ஒன்றுமில்லை. நானும் மூலையில் இருந்தவளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், அவள் தன் வாக்கியத்தைச் சொன்னாள், நான் கேட்டேன். நாலு வருஷமாக ஒருத்தி ஒற்றை அறையில் இதைக் கேட்டுக்கொண்டே சமைத்து, துவைத்து, பிள்ளை பெற்று, தூங்கி எழுந்திருக்கிறாள். எனக்கு ஒரு பகலுக்குள்ளேயே தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றியது.

எட்டாம் நாள் பதினோரு மணிக்குப் பிள்ளையின் உடம்பு சுட ஆரம்பித்தது. நூறு, நூற்றொன்று, ஒரு மணிக்கு நூற்றிரண்டைத் தாண்டியது. மருந்தை அளந்து கொடுத்தேன். பொன்வடிவு பிள்ளையின் வாயையும் கண்ணையும் கைகால்களையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தாள். அவளுடைய கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, அவள் பிடித்திருப்பது அவளுக்கே தெரியாது, நான் ஈரத்துணியை இடது கையால் மாற்றினேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இத்தனை ஆயிரம் ஊசி போட்டவள், ஊசிக்குப் பின்னால் வரும் எட்டாம் நாள் மத்தியானத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அது இவ்வளவு நீளமாக இருக்குமென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்று மணிக்குப் பிள்ளைக்கு நெற்றி வேர்த்தது. நான்கு மணிக்கு என் மடியில் கிடந்தபடியே காலை உதைத்துப் பாலுக்கு அழுதான். பொன்வடிவு பால் கொடுத்தாள், கொடுத்தபடியே சாய்ந்து உட்கார்ந்த நிலையில் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்படி ஒரு தூக்கத்தை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. பிள்ளையை மெதுவாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்தபின் விழித்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்து போய் அடுப்பை மூட்டிக் கருப்பட்டிக் காப்பி போட்டாள், ஒரே ஒரு டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். நான் கையை நீட்டினேன். மூலையில் இருந்தவளும் அன்றுதான் முதல் தடவையாகக் கையை நீட்டினாள்.

பொன்வடிவு என்னைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

“நாலு வருசமா உக்காந்திருக்கா. ஒரு வாய்த் தண்ணி குடிக்கியான்னு நான் கேட்டதில்ல” என்று சொல்லி, டம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.

அவள் இரண்டு கையாலும் வாங்கி, ஊதி ஊதிக் குடித்தாள். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தாள். தோளிலிருந்து பெட்டியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். பொன்வடிவை நேராகப் பார்த்து, நான் நாலு வருஷத்துக்கு முன்னால் வந்து கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டாள்:

“பிள்ளைக்கு எப்படி இருக்கு?”

பொன்வடிவு அவள் எதிரில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எட்டாம் நாள் காலை மகா பால் குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். இசக்கிராஜாவை மடியில் வைத்துக்கொண்டு நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.